கூனித்திட்டு மணியும் கிளாட்வினின் மூக்கும்

வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி புயலாக மாறுவதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும். வெதுவெதுப்பான கடல், ஈரமான காற்று, கிளாட்வினுடைய மூக்கின் சம்மதம். முதல் இரண்டைப் பற்றி உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. மூன்றாவதைப் பற்றி கிளாட்வினே சொல்லிவிட்டதால் ஆராய்ச்சிக்குத் தேவை எழவில்லை.

"என் மூக்குக்குத் தெரியாம இந்தக் கடல்ல ஒரு புயலும் பொறந்தது கெடையாது. இனிமேலும் பொறக்காது!"

இதை அவன் மரியான்துறைக் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் மேல் ஏறி நின்று அறிவித்தான். பி.காம். மூன்றாம் ஆண்டு. ஓட்டமும் நீச்சலும் நன்றாக வரும், பாடம் வராது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் இசக்கி. வள்ளத்து இன்ஜினைப் பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரன். எந்தப் பேச்சையும் சாப்பாட்டில் கொண்டுபோய் முடிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன். இன்னொருத்தி மெர்சிலின். நிலவியல் முதுகலை படிக்கிறாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான்.

டீக்கடை டி.வி.யில் செய்தி ஓடியது. "தென்கிழக்கு வங்கக்கடலில் உருவான தாழ்வுப் பகுதி வலுப்பெறக்கூடும். எனினும், வலுவிழக்கவும் வாய்ப்புள்ளது."

"என் பரீட்சை ரிசல்ட்டப் பத்தி எங்க சாரும் இப்படித்தாம்ல சொன்னாரு," என்றான் கிளாட்வின்.

கடலுக்குப் போகாதே என்று அரசாங்கம் சொல்லவில்லை. ஆனாலும் ஊர் முழுக்க வள்ளங்களை மேட்டில் ஏற்றிவிட்டார்கள். மெர்சிலின் மட்டும் நீர் விளிம்பில் போய் நின்றாள். காற்றுக்கு முதுகைக் கொடுத்தாள். இடது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டினாள். அப்படியே நின்றாள்.

கிளாட்வினுக்கு இது போதாதா!

"ஏட்டி, எந்த பஸ்ஸுக்குக் கை காட்டுத? திருச்செந்தூர் பஸ்ஸு இந்த வழியா வராதே!"

"பூமியோட வடக்குப் பாதியில காத்துக்கு முதுகு குடுத்து நின்னா, தாழ்வு எடக்கைப் பக்கம் இருக்கும்," என்றாள் அவள், கையை இறக்காமல். "இப்ப தென்கிழக்க காட்டுது."

"மார்கழியில எப்பவும் வாடைதான் அடிக்கும். ஒங்கை என்னைக்குமே தென்கிழக்கத்தான் காட்டும். பஸ் ஸ்டாப்ப மாத்துட்டி!"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "சரியாத்தான் சொல்லுத. அதான் ஒரு தடவ காட்டுனாப் பத்தாது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி காட்டணும். கை நகந்துச்சுன்னா அது வேற எங்கயோ போகுது. நகராம நின்னு, காத்தும் ஏறுச்சுன்னா, நேரா நம்ம வீட்டுக்குத்தான் வருது."

தன்னைச் சரி என்று யாராவது ஒப்புக்கொண்டால் கிளாட்வினுக்குப் பேச்சு நின்றுபோகும். பழக்கமில்லாத அனுபவம்.

இவ்வளவு கணக்கும் எதற்கு? ஓர் அண்டாவுக்காக.

போன மாதத்துப் புயலுக்குப் பிறகு இசக்கி நண்டு வலை எடுக்கக் கூனித்திட்டுப் பக்கம் போயிருந்தான். ஊருக்கு நேர் கிழக்கே, கடலுக்குள் கிடக்கும் மணல்மேடு அது. தண்ணீர் இறங்கும் வற்றத்தில் தலை காட்டும், ஏற்றத்தில் முங்கிவிடும். புயல் அங்கே மணலை வாரிப் போட்டிருந்தது. வாரிய பள்ளத்தில் பித்தளை மாதிரி ஒரு விளிம்பு தெரிந்தது.

"எவனோ பிரியாணி அண்டாவ விட்டுட்டுப் போயிட்டாம்ல," என்று வந்து சொன்னான் இசக்கி. "அம்பது பேருக்கு ஆக்கலாம்."

மெர்சிலினுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்டாவுக்கு உள்ள நாக்கு தொங்குச்சா?"

"தொங்குச்சே. நான்கூட கரண்டின்னு நெனச்சேன்."

மரியான்துறைக் கோயிலின் பழைய மணியைக் கொழும்புக்குக் கொண்டுபோய் வார்த்துத் தோணியில் திரும்பக் கொண்டுவந்தவர் மெர்சிலினின் அப்பா, தண்டல் சவேரியான். தோணியை நடத்துகிறவரைத்தான் தண்டல் என்பார்கள். வருகிற வழியில், இப்படித்தான், வலுப்பெறலாம் வலுவிழக்கலாம் என்று சொல்லப்பட்ட ஒரு தாழ்வு புயலாகிவிட்டது. தோணி முங்கப் பார்த்தது. சவேரியான் மணியைக் கடலில் தள்ளி, ஆட்களைக் கரை சேர்த்தார். ஊர் அதை நம்பவில்லை. 'கொழும்பிலயே வித்துட்டு வந்துட்டான்' என்றது. மெர்சிலின் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவிலும் ஊரே தேர் வடம் பிடிக்கும்; சவேரியான் மட்டும் வடத்தில் கை வைக்கக் கூடாது. கமிட்டித் தலைவர் தொம்மை அண்ணாச்சி அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வார்.

ஒரு புயல் மணலை வாரி மணியைக் காட்டியிருக்கிறது. அடுத்த புயல் வந்தால் மூடிவிடும். இனி எப்போது திறக்குமோ!

"இந்தத் தாழ்வு எந்திரிக்குமா எந்திரிக்காதா? அதச் சொல்லு மொதல்ல," என்றான் இசக்கி.

மெர்சிலின் போனில் மேகப் படத்தைக் காட்டினாள். "பொதுக்கூட்டம் மாதிரி வச்சுக்கோ. மேகம் கொஞ்சம் கூடிக் கலைஞ்சுட்டா ஒண்ணுமில்ல. ஒரே எடத்துல கும்பலா நின்னு, ராத்திரி தாண்டியும் நிக்குன்னா கூட்டம் சேருதுன்னு அர்த்தம். மேல அடிக்கிற காத்து அது தலையச் சீவிட்டுப் போச்சுன்னா எந்திரிக்காது. இன்னைக்கு மேகம் நிக்குது. தலையும் தப்பிச்சிருக்கு. பாதிக்குப் பாதிதான் சொல்லுவேன்."

"பிரியாணிப் பொட்டலம் குடுத்தாத்தான் கூட்டம் நிக்கும்," என்றான் இசக்கி யோசனையாக.

"மதியத்துக்குள்ள தெரிஞ்சுரும். நான் போறேன்," என்றாள் மெர்சிலின். "ஆனா ஒரு பேச்சு. கை நகராம காத்து ஏறுச்சுன்னா, மணி கெடைச்சாலும் கெடைக்காட்டியும் திரும்பிரணும். சம்மதம்னா வாங்க. இல்லைன்னா வள்ளத்த மட்டும் தாங்க."

"போவோம்ட்டி!" என்று குதித்து இறங்கினான் கிளாட்வின். "பொறக்காத புயலுக்குப் பயந்து பொறந்தவன் கரையில ஒக்காரவா?"

மேட்டில் கிடந்த வள்ளங்களில் ஒன்று, அவன் மாமாவுடையது, கீழே இறங்கியது. மாமாவுக்கு இந்தப் பயணத்தைப் பற்றிய தகவல் பிற்பாடு தெரிவிக்கப்படும் என்று முடிவாகியது. காலி நீலப் பேரல்கள் ஏறின. கயிறு ஏறியது. லைஃப் ஜாக்கெட் ஏறியது. மெர்சிலின் முறைத்ததும் கிளாட்வினின் கழுத்திலும் ஏறியது. இசக்கியின் தூக்குச்சட்டி எல்லாவற்றுக்கும் முன்பே ஏறியிருந்தது.

இன்ஜின் உறுமியது. வள்ளம் அலையை முட்டி ஏறிக் கிழக்கே பாய்ந்தது.

கூனித்திட்டு வற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மூவரும் குதித்து ஓடினார்கள். பள்ளத்தின் நடுவே, பச்சை பிடித்து, சிப்பி ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து... மணி!

மெர்சிலின் பள்ளத்துக்குள் இறங்கினாள். மண்டி போட்டு, மணியைச் சுற்றிக் கையாலேயே மணலை அள்ளத் தொடங்கினாள். நகம் உடைந்தது. நிற்கவில்லை.

மணியைத் தூக்க மூன்று பேரால் முடியாது. முப்பது பேராலும் சிரமம். ஆனால் கடலால் முடியும். வற்றத்தில் காலிப் பேரல்களை மணியோடு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். ஏற்றத்தில் தண்ணீர் ஏற ஏறப் பேரல்கள் மணியைத் தூக்கிக்கொண்டு மிதக்கும். அப்புறம் வள்ளத்தால் இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். முங்கிய வள்ளங்களை மரியான்துறையில் இப்படித்தான் எடுப்பார்கள்.

கட்டினார்கள். கடைசிப் பேரலுக்குக் கயிறு பற்றவில்லை.

"நங்கூரக் கயித்த அவுத்துக் கட்டுல," என்று உத்தரவிட்டான் கிளாட்வின்.

"அப்ப வள்ளம்?" என்றான் இசக்கி.

"மிச்சக் கயித்துல வள்ளத்த மணியிலயே கட்டு. இந்தத் திட்டுல அதவிடக் கனமான பொருள் என்ன இருக்கு? மணிதாம்ல நங்கூரம்!"

மெர்சிலின் தலையாட்டினாள். இசக்கியும் தலையாட்டினான். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு காத்திருந்தார்கள். இசக்கி தூக்குச்சட்டியைத் திறந்தான். காற்று விழுந்தது. வெயில் பளீரென்று அடித்தது. வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி நீலமாகக் கிடந்தது.

கிளாட்வின் மூக்கை உயர்த்தி ஒரு முறை உறிஞ்சினான். "முடிஞ்சுது. கூட்டம் கலைஞ்சுட்டு. எழுதி வச்சுக்கோங்க."

"அலையப் பாரு," என்றாள் மெர்சிலின்.

பார்த்தான். காற்றே இல்லை. ஆனால் தென்கிழக்கிலிருந்து கடல் நிதானமாக, நீளமாக, எண்ணெய் பூசியது போலப் புரண்டு வந்துகொண்டிருந்தது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் ஒரு பெரிய மூச்சு இழுத்து விடலாம்.

"காத்து இல்லாம இந்த அலைய எவன் தள்ளுதான்? தூரத்துல ஒருத்தன் எந்திரிச்சு நிக்கான். அவன் தள்ளுதான்."

கிளாட்வின் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் காற்றே பதில் சொன்னது. வடகிழக்கிலிருந்து ஓர் அறை! இசக்கியின் தூக்குச்சட்டி மூடி மணலில் உருண்டு ஓடியது. அதன் பின்னால் இசக்கி ஓடினான்.

மெர்சிலின் எழுந்து முதுகைக் காற்றுக்குக் கொடுத்தாள். கையை நீட்டினாள். தென்கிழக்கு. காலையில் காட்டிய அதே இடம். அங்கே, தொடுவானத்தில், கறுப்பாக ஒரு மதில் எழும்பியிருந்தது.

அவள் கை மெதுவாக இறங்கியது.

"கெளம்புவோம்."

"ஏட்டி, இன்னுங் கொஞ்சம் தண்ணி ஏறட்டும்! பேரலு அசையுது பாரு! இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"பேச்சுன்னா பேச்சு. கை நகரல. காத்து ஏறுது. மணிய விட்டுரு."

"ஒங்கப்பா பேரு இதுலதான இருக்கு?"

"எங்கப்பா பேரு எனக்குத் தெரியும்ல!" அவள் குரல் காற்றைக் கிழித்தது. "அவரு ஆளுங்களக் காப்பாத்த மணியத் தள்ளுனவரு. நான் மணிக்காக ஒங்க ரெண்டு பேரையும் தள்ளுனா, அவரு மவள்னு எப்படிச் சொல்லுவேன்? ஏறு வள்ளத்துல!"

மூவரும் வள்ளத்தைப் பார்த்துத் திரும்பினார்கள்.

வள்ளம் இருந்த இடத்தில் இல்லை.

தூரத்தில் எழுந்து நின்றவன் அலையை மட்டும் தள்ளவில்லை, தண்ணீரையும் சேர்த்துத் தள்ளியிருந்தான். ஏற்றம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பேரல்கள் ஐந்தும் நீலத் தலைகளாய் மேலே வந்திருந்தன. அவற்றின் கீழே மணி தொங்க, மணியின் பின்னால் வள்ளம் செல்ல, நங்கூரமும் வள்ளமும் கைகோத்துக்கொண்டு தென்மேற்கே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

இசக்கி மூடியைத் தூக்குச்சட்டியில் அழுத்தி மூடினான்.

"மணிதாம்ல நங்கூரம்," என்றான் இசக்கி.

கிளாட்வின் அதற்குள் பாய்ந்துவிட்டான்! தண்ணீரை அறைந்து அறைந்து நீந்தினான். ஓர் அலை அவனை முக்கியது. எழுந்தான். இன்னொன்று முக்கியது. எழுந்தான். உலகப் புகழ்பெற்ற அவன் மூக்கு வழியே வங்கக்கடலில் ஒரு பகுதி உள்ளே போனது. கை வள்ளத்தின் விளிம்பைத் தொட்டது. நழுவியது. மறுபடி பிடித்தது. ஏறி விழுந்தான். இன்ஜின் கயிற்றை இழுத்தான், இருமியது. மறுபடி இழுத்தான், திட்டியது. மூன்றாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற இருவரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வள்ளம் மேற்கே திரும்பியது. பின்னால் கயிறு விறைக்க, பேரல்களின் கீழே மணி வந்தது. வந்தது என்பதைவிட, வர மறுத்துக்கொண்டே வந்தது. வரும்போது பாய்ந்த வள்ளம் இப்போது நொண்டியது. மழை சாட்டையாய் விழுந்தது. கிளாட்வின் இன்ஜினைப் பிடித்திருந்தான். இசக்கி தூக்குச்சட்டியால் தண்ணீரை இறைத்தான். அந்தப் பாத்திரத்துக்கு வாழ்க்கையில் முதல் முறையாக உணவு சாராத வேலை.

ஓர் அலை பக்கவாட்டில் ஏறி உள்ளே கொட்டியது. இன்னொன்று.

"தாங்காது மக்கா!" என்று கத்தினான் இசக்கி. "மணி பின்னால இழுக்குது!"

மெர்சிலின் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள். தவழ்ந்து பின்பக்கம் வந்தாள். விறைத்த கயிற்றின் மேல் கத்தியை வைத்தாள். அவள் அழவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு கயிற்றையே பார்த்தாள். முதல் புரி தெறித்தது.

"நில்லுட்டி!" என்றான் கிளாட்வின்.

"மூக்கு சொல்லுதோ?"

மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதில் உப்புத் தண்ணீர்தான் இருந்தது. ஆனால் வேறொன்று அவனுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. மேற்கே பார்த்து ஓட்டுகிறான். கிளம்பும்போது காற்று முதுகோரத்தில் அடித்தது. இப்போது மழை அவனுடைய வலது காதுக்குள் நேராக அடிக்கிறது. வள்ளம் திரும்பவில்லை, முன்னால் இருக்கும் திசைகாட்டி மேற்கு என்றுதான் சொல்கிறது. அப்படியானால் திரும்பியது எது?

அதைச் சொல்வதற்கு அவனுக்கு வார்த்தை இல்லை. இருந்த ஒரே வார்த்தையைச் சொன்னான்.

"ஒரு தடவ கைய நீட்டிப் பாரு. பஸ்ஸு வருதா, வேற ரூட்ல போயிட்டான்னு பாரு."

அவள் அவனைப் பார்த்தாள். கேலி செய்கிறானா? இல்லை. முகத்தில் கேலிக்கு இடமே இல்லை, மழைதான் இருந்தது. கத்தியைப் பல்லில் கடித்தாள். ஆடும் வள்ளத்தில் முட்டி போட்டு, காற்றைத் தேடி முதுகைக் கொடுத்தாள். இசக்கி அவளுடைய லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டான். இடது கை நீண்டது.

கை தென்கிழக்கைக் காட்டவில்லை. கிழக்கைக் காட்டியது. பொறுத்திருந்து, மறுபடி நீட்டினாள். கிழக்கையும் தாண்டி, ஒரு விரல்கடை வடக்கே!

கத்தி வாயிலிருந்து விழுந்தது.

"போகுது! வடக்க போகுது! நமக்கில்ல! ஏல, நமக்கில்லல!"

"அப்ப வெட்டாத!" என்று கர்ஜித்தான் கிளாட்வின். "இழுப்போம்! பொழுதுக்கும் இழுப்போம்! வாட்டி, வந்து தண்ணியக் கோரு!"

அவர்கள் இழுத்தார்கள். கடல் இழுத்தது, அவர்கள் அதைவிட இழுத்தார்கள். அறுந்த புரிக்குப் பக்கத்தில் மெர்சிலின் தன் துப்பட்டாவைச் சுற்றி முறுக்கிக் கட்டினாள். இசக்கி இறைத்தான், திட்டினான், இறைத்தான். கிளாட்வின் ஒவ்வொரு அலையின் முகத்திலும் ஒரு கெட்ட வார்த்தையை எறிந்தான். எல்லாம் வரிசையாக, ஒன்றுகூட இரண்டாம் முறை வராமல். படிப்பில் இல்லாத ஒழுங்கு அதில் இருந்தது.

பொழுது சாயும்போது மரியான்துறை தெரிந்தது. கரையில் ஊரே நின்றது. ஊருக்கு முன்னால், நெஞ்சளவு தண்ணீரில், ஒற்றையாக ஒருவர் நின்றார். தண்டல் சவேரியான்.

வள்ளத்தின் முகப்பை அவர்தான் பிடித்தார். பின்னால் மிதந்து வந்த நீலப் பேரல்களை அவர் பார்க்கவே இல்லை.

"மூணு பேரும் இருக்கியளா?"

"இருக்கோம்ப்பா," என்றாள் மெர்சிலின். அப்போதுதான் அவள் அழுதாள்.

ஊரே தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தது. மணல் தட்டியதும் மணி சாய்ந்தது. உள்ளே நாக்கு ஒரு முறை இடித்தது. கரகரத்த, உப்பேறிய ஒற்றைச் சத்தம்தான். ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் அந்தந்த இடத்தில் நின்றுவிட்டார்கள்.

தொம்மை அண்ணாச்சி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "தண்டல் பேர்ல எனக்கு அன்னைக்கே நம்பிக்க இருந்துச்சு."

"இருந்திருக்கும் அண்ணாச்சி," என்றான் கிளாட்வின். "எங்கயாவது மணலுக்கு அடியில கெடந்திருக்கும். இப்பத்தான வெளிய வருது."

ஊர் சிரித்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போல வேறு பக்கம் போனார்.

அந்தத் தாழ்வு உண்மையிலேயே புயலாகி, வடக்கே போய், நடுக்கடலிலேயே நீர்த்துப் போனது. அடுத்த திருவிழாவில் தேர் வடத்தின் முதல் பிடி சவேரியானுடையது. இந்தப் பயணத்திலிருந்து மரியான்துறை கற்றுக்கொண்ட பாடம் பெரிதாக ஒன்றுமில்லை: மிதக்கவிடப் போகும் பொருளில் வள்ளத்தைக் கட்டக் கூடாது. மாமா இதைக் கிளாட்வினுக்கு வாயாலும் கையாலும் விளக்கினார்.

திருவிழா முடிந்த மறுவாரம் டீக்கடை டி.வி. மறுபடி சொன்னது: "புதிய தாழ்வுப் பகுதி. வலுப்பெறக்கூடும். எனினும், வலுவிழக்கவும் வாய்ப்புள்ளது."

டீ கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. எல்லாரும் கிளாட்வின் பக்கம் திரும்பினார்கள்.

"என்னல சொல்லுது மூக்கு?" என்றான் இசக்கி.

கிளாட்வின் எழுந்தான். மூக்கை உயர்த்தினான். ஆழமாக உறிஞ்சினான். "என் மூக்குக்குத் தெரியாம இந்தக் கடல்ல..." என்று தொடங்கி, ஏனோ முடிக்காமல், "இந்தா வாரேன்," என்று கடையின் பின்பக்கம் நடந்தான்.

பின்னால் ரோடு. யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தான். காற்று எங்கிருந்து வருகிறது என்று கன்னத்தால் தேடினான். முதுகைக் கொடுத்தான். இடது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டினான்.

ஒரு மினி பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"ஏறு தம்பி," என்றார் கண்டக்டர்.

கிளாட்வின் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.

கண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்து விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. நீட்டிய கை இறங்கவில்லை.